பொய் சொல்லாத குண்டு

அத்தியாயம் பதினேழு

போன வாரம் தம்பி ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான் அல்லவா, அந்த வாக்குதான் இந்த வாரம் ஒரு தெருவையே காலி செய்யப்போகிறது.

மறந்தவர்களுக்குச் சுருக்கமாக: முன்னாள் படைவீரர் சங்கம் ஒரு நினைவுக் கூடம் கட்டுகிறது. போருக்குப் போய்வந்தவர்களின் பொருள் ஏதாவது ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறார்கள். அப்பா கொண்டுவந்த பீரங்கிக் குண்டை மரப்பீடத்தில் நிறுத்தித் தருகிறேன் என்று தம்பி சங்கத்தில் எழுந்து நின்று அறிவித்துவிட்டான். தம்பி இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். வாக்குக் கொடுப்பது அவனுக்கு மூச்சு விடுகிற மாதிரி.

அப்பா காலமாகி மூன்று வருஷம். போரைப் பற்றி அவர் வீட்டில் பேசியதை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதினாலும் இடம் மிச்சமிருக்கும். பீரங்கிக்குக் குண்டு தூக்கிக் கொடுக்கிற வேலை அவருக்கு. அங்கே என்னப்பா பண்ணினீங்க என்று யார் கேட்டாலும், "தூக்கினோம், கொடுத்தோம்" என்பார். அதற்கு மேல் துருவினால் தமக்கு வலது காது கேட்காததைச் சாக்காக வைத்து இடது காதையும் மூடிக்கொள்வார்.

வலது காதைப் போர்க்களத்தில் விட்டுவிட்டு மீதி மனிதர் திரும்பி வந்து, தராசு பழுதுபார்க்கும் கடை வைத்தார். இப்போது அதை நடத்துவது அவருடைய மகள், நம் பெரியவள். ஐம்பத்து மூன்று வயது. பக்கத்துக் கடையில் ஒரு கிராம் குறைத்து நிறுத்தால் இங்கே இவளுக்கு மூக்கு வியர்க்கும்.

அந்தக் குண்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒரு முழ உயரம். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் பித்தளை மூடி. தட்டில் கீறல் விழக்கூடாது என்று அடியில் அப்பா ஒட்டிய தோல். வயிற்றில் 11.3 என்று பொறித்திருக்கும். கடைக்கு வந்த எந்தத் தராசும் கடைசியில் இந்தக் குண்டைச் சுமந்து காட்டிவிட்டுத்தான் வெளியே போக முடியும். முள் பதினொன்று புள்ளி மூன்றில் நின்றால் தராசு பாஸ். நாற்பத்தெட்டு வருஷமாக ஒரு நூல் பிசகியது கிடையாது.

தராசில் ஏறி இறங்குகிற நேரம் போக, வேலை ஒன்றும் செய்யாமல் நடுக்கூடத்தில் பளபளவென்று உட்கார்ந்திருப்பதாலும், எல்லோரும் அதைத் துடைத்துத் துடைத்து உபசரிப்பதாலும், அதற்கு வீட்டில் பெயர் 'மாப்பிள்ளை'.

இனி இன்றைய கதை.

காலை பத்து மணிக்கு மாப்பிள்ளையைக் காய்கறிப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு தம்பி பஸ் ஏறினான். ஊரின் மறுகோடியில் இருக்கிற லேத் பட்டறையில் அடியில் ஒரு துளை போட்டு, பீடத்தின் கம்பியில் செருகப்போகிறான்.

அவன் போய் அரைமணி கழித்து, பெரியவள் சங்கத்துப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தாள். பொருளின் பெயர், உயரம், எடை. எடையைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதினாள். அதற்கு அடுத்து ஒரு கட்டத்தில், அது எந்த ரகக் குண்டு என்று கேட்டிருந்தது. அவளுக்குத் தெரியவில்லை. சங்கத்து எழுத்தரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

எழுத்தர் நிதானஸ்தர். உயரத்தைக் கேட்டார், சுற்றளவைக் கேட்டார், ஏதோ புத்தகத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ரகத்தின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னார். காலிக் கூடு என்றால் எடை ஒன்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்குமே, அதை எழுதிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. தராசுக் கடைக்காரியிடமே எடை சொல்கிறார். இல்லை சார், பதினொன்று புள்ளி மூன்று, குண்டிலேயே பொறித்திருக்கிறது, தினமும் பத்துத் தடவை நிறுக்கிறோம் என்றாள்.

எதிர்முனையில் பக்கம் புரள்வது நின்றது.

"அம்மா, அது உள்ள வெடிச்சரக்கு இருக்கறப்ப உள்ள எடை," என்றார் எழுத்தர். "உங்ககிட்ட இருக்கறது காலிதானே?"

பெரியவள் தான் படிவத்தில் எழுதிய எடையைக் குனிந்து பார்த்தாள்.

இந்தக் குடும்பத்தைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு பிசகு நேர்ந்திருக்காது. மற்ற வீடாக இருந்தால் ஒரு குண்டைப் பார்த்ததும் இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டிருப்பார்கள். இவர்கள் நிறுத்துப் பார்த்தார்கள். தன்மேல் எழுதியிருக்கிற எடையை அப்படியே காட்டியது. எழுதினது எழுதினபடி நிற்கிற பொருளைத் தராசுக்காரன் வீட்டில் சந்தேகப்படுவதில்லை. நாற்பத்தெட்டு வருஷமாக மாப்பிள்ளை தினமும் பத்துத் தடவை 'நான் நிறைந்திருக்கிறேன், நிறைந்திருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். இவர்கள் பேஷ் பேஷ் என்று தட்டிக்கொடுத்து ஓரமாக வைத்திருக்கிறார்கள்.

தம்பியின் கைபேசிக்கு அடித்தாள். மணி ஒலித்தது, மிக அருகில். படிவத்துக்குக் கீழேயே கிடந்தது அவன் கைபேசி.

கடையின் உட்பக்கம் அம்மா பித்தளைத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எழுபத்தெட்டு வயது. அவளிடம் இதைச் சொன்னால் இங்கேயே ஒன்று ஆகிவிடும் என்று பெரியவள் பயந்தாள். தம்பி கைபேசியை வைத்துவிட்டுப் போய்விட்டான், கொடுத்துவிட்டு வருகிறேன், கடையைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னாள். சொன்ன குரல் யாருடைய குரலோ மாதிரி இருந்தது.

அவள் டாக்ஸி பிடித்த வேகத்தைப் பார்த்து டாக்ஸிக்காரரே மிரண்டு, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார்.

தெருவில் அன்றைக்கென்று ஊரிலுள்ள வண்டிகள் எல்லாம் ஒன்றை ஒன்று பார்க்க வந்திருந்தன. டாக்ஸி ஊர்ந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் இறங்கி ஏறியது. தம்பி போன பஸ்ஸும் இதே பள்ளத்தில்தானே இறங்கியிருக்கும். பையை மடியில் வைத்திருப்பானா, காலடியிலா? பக்கத்து சீட்டுக்காரரிடம் ஆயுள் காப்பீடு பற்றிப் பேசியிருப்பான், சந்தேகமில்லை. மடியில் இதை வைத்துக்கொண்டு.

அதற்குமேல் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். பழசெல்லாம் வரிசை கட்டி வந்து நின்றது.

பத்து வயதில் தம்பி ஒரு பந்தயத்துக்காக அதை மாடிப்படியில் உருட்டிவிட்டான். பதினாறு படி. ஒவ்வொரு படியிலும் 'ணங்' என்றது, எல்லோரும் கைதட்டினார்கள். காற்றடிக்கிற நாளில் கதவுக்கு முட்டுக்கொடுத்தது அது. வேறு சுத்தியல் அகப்படாத ஒரு நாள் அம்மா அதைப் பிடித்து ஆணி அடித்திருக்கிறாள். முடிவெட்டிக்கொள்ள உயரம் போதவில்லை என்று தம்பியை அதன்மேல்தான் உட்காரவைப்பார்கள். ஒரு தடவை அடுப்புப் பற்றிக்கொண்டு கூடமே புகைந்தபோது, எல்லாவற்றையும் வெளியே தூக்கிப்போட்டுவிட்டு மாப்பிள்ளையை மட்டும் உள்ளேயே விட்டுவிட்டார்கள். இரும்புதானே, அதற்கு என்ன ஆகிவிடும் என்று.

அப்போதெல்லாம் பயப்படாத பயம் ஒன்றும் வீணாகப் போயிருக்கவில்லை. எங்கோ சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. நாற்பத்தெட்டு வருஷத்துப் பயத்தையும் டாக்ஸியின் பின் சீட்டில் ஒரே காலையில் அவள் பயந்து தீர்க்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அதை அவள் தொடவே இல்லை. சின்ன வயதில் அவள் அப்பாவைக் கேட்டிருக்கிறாள், இதுக்குள்ள என்னப்பா இருக்கு என்று. அப்பா சொன்னது அவளுக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "உள்ள ஆபத்தா ஒண்ணும் இல்ல."

பட்டறை இருந்த தெருவின் முனையிலேயே டாக்ஸியை நிறுத்தச் சொன்னாள். ஓடினாள். பட்டறை வாசலுக்கு இருபது அடி இருக்கும்போது ஓட்டம் தானாக நடையாயிற்று. வாசலில் கால் வைக்கும்போது பூனை மாதிரி நடந்தாள். தரை அதிரக்கூடாதே.

உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. துளைபோடும் இயந்திரத்தின் பிடிக்குள் மாப்பிள்ளை தலைகீழாக நின்றிருந்தது. அடித்தோலை உரித்துவிட்டிருந்தார்கள். அடிப்பாகத்தின் நடுவில், புதிதாக, நகம் புதைகிற ஆழத்துக்கு ஒரு துளை.

தம்பி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே லேத்காரரிடம் அப்பாவின் வீரத்தை விவரித்துக்கொண்டிருந்தான். அவன் கதையில் அப்பா அதற்குள் ஒரு மலையைப் பிடித்து முடித்து, இரண்டாவது மலையில் பாதி ஏறியிருந்தார். லேத்காரர் பாதி கேட்டபடி, கழற்றிய துளை ஊசியைக் கையில் வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஊசி அடைத்துக்கொண்டுவிட்டது, சுத்தம் பண்ணி மாட்டிவிட்டு மறுபடி இறக்க வேண்டும் என்றார், அவளையும் ஒரு வாடிக்கையாளர் என்று நினைத்து.

"தம்பி," என்றாள் பெரியவள், காற்றே அதிகமாக இருந்த குரலில். "டீயை மெதுவா கீழ வை. எழுந்து வெளிய வா."

"ஏன்க்கா குசுகுசுன்னு பேசுற? தொண்டை கட்டிடுச்சா?"

"அது காலி இல்ல."

தம்பி டீ கிளாஸைப் பார்த்தான். கொஞ்சம் இருக்கு என்றான். அப்புறம் அக்காவின் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்தான். அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை அளவெடுத்திருந்தால் அரை லிட்டர் தேறியிருக்கும்.

மூவரும் வெளியே வந்த விதம் பார்க்க வேண்டியது. பின்பக்கமாகவே நடந்தார்கள், ராஜ சபையிலிருந்து விடைபெறுகிறவர்கள் மாதிரி, மாப்பிள்ளைக்கு முதுகைக் காட்டாமல். வெளியே வந்த பிறகுதான் மோட்டாரை அணைக்கவில்லை என்று லேத்காரருக்கு உறைத்தது. குண்டைப் பிடித்திருக்கிற இயந்திரம் உள்ளே உறுமிக்கொண்டு லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. உள்ளே போய் அணைக்க மூவருக்கும் கால் வரவில்லை. கடைசியில் மின்சார அலுவலகத்துக்குச் சொல்லித் தெருவின் மின்சாரத்தையே நிறுத்தினார்கள். உறுமல் அடங்கியபோது ஏற்பட்ட நிசப்தம் இன்னும் மோசமாக இருந்தது.

ஒரு மணிநேரத்தில் தெரு துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. போலீஸ் கயிறு கட்டினார்கள். எதிர்வீட்டுக்காரர் பாதிச் சவரத்தோடு இரண்டு தெரு தள்ளி நின்றார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் மூவரை மட்டும், விசாரிக்க வேண்டும் என்பதற்காக, மணல் மூட்டைகளுக்குப் பின்னால் நிறுத்தினார்கள்.

வந்த நிபுணர் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். நர்ஸ் மாதிரி மென்மையான பேச்சு. அந்த மென்மைதான் பெரியவளை அதிகம் நடுங்கவைத்தது. வலிக்கிற ஊசி போடுகிறவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள்.

எத்தனை வருஷமாக இருக்கிறது, எங்கே வைத்திருந்தீர்கள் என்று நிபுணர் கேட்டுக்கேட்டு எழுதினார். பெரியவள் ஒன்றையும் மறைக்கவில்லை. பதினாறு படியைச் சொன்னாள். ஆணியைச் சொன்னாள். அடுப்பைச் சொன்னபோது நிபுணரின் பேனா நின்றது. முடிவெட்டிக்கொண்டது யார் என்று கேட்டார். தம்பி பள்ளிக்கூடத்தில் மாதிரி கை தூக்கினான்.

நிபுணர் கனமான கவச உடையைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை உள்ளே போய் வந்தார். துளை போட்ட குண்டை அசைக்க எனக்கு விருப்பமில்லை என்றார். உள்ளே இருக்கிற சரக்கு வருஷம் ஆக ஆகச் சாதுவாகாது. எடை வேறு நீங்களே சொல்கிறீர்கள். எனவே சுற்றிலும் மணல் அடுக்கி, இங்கேயே, இருக்கிற இடத்திலேயே வெடிக்கவைப்பதுதான் ஒழுங்கு. பட்டறை போகும். மேல்மாடியும் போகும். ஆள் போகாமல் இருந்தால் போதும்.

லேத்காரர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை, திட்டவில்லை. முப்பது வருஷமாக நின்று வேலை பார்த்த பட்டறை. மூக்குக் கண்ணாடி உள்ளே இருக்கிறது, அதை மட்டும் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்றார் நிபுணர். சரிம்மா என்று தலையாட்டிவிட்டு, கையில் இன்னும் இருந்த துளை ஊசியைச் சுரண்ட ஆரம்பித்தார். அது ஒன்றுதான் அவரிடம் மிச்சம்.

தம்பி அக்காவின் கையைப் பிடித்தான். பள்ளிக்கூடத்துக்குச் சாலை கடந்த நாளுக்குப் பிறகு இப்போதுதான் பிடிக்கிறான்.

"அப்பா உள்ள ஒண்ணும் இல்லன்னுதானேக்கா சொன்னார்?"

"சொன்னார்."

"தெரிஞ்சே சொல்லியிருப்பாரா?"

அவள் தொடாமல் வைத்திருந்ததைத் தம்பி தொட்டுவிட்டான்.

பட்டறை போனால் கடனோ உடனோ வாங்கி எப்படியாவது கட்டிக்கொடுக்கலாம். இதை எப்படிக் கட்டுவது? அப்பா தராசுக்கு முத்திரை வைத்தால் அந்தத் தராசில் தங்கத்தை நிறுப்பார்கள். அரை கிராமுக்காக வாடிக்கையாளரோடு சண்டை போட்டு அவரைத் திருப்பி அனுப்பிய மனிதர். அவர், தம் குழந்தைகளின் தலைமாட்டில் இதை வைத்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தால்?

தராசு சொல்வது சரி என்றால் அப்பா சொன்னது பொய். அப்பா சொன்னது சரி என்றால் கடையிலிருந்து வெளியே போன ஆயிரக்கணக்கான தராசும் பொய். இரண்டில் ஒன்றுக்கு மணல் மூட்டைக்குப் பின்னால் இன்றைக்குக் கதை முடியப்போகிறது. வெடிச் சத்தத்துக்குக்கூட அவள் இவ்வளவு பயப்படவில்லை. அந்தச் சத்தம் அப்பாவைப் பற்றி ஊருக்குச் சொல்லப்போகிற செய்திக்குத்தான் பயந்தாள்.

உள்ளே மணல் மூட்டைகளைக் கொண்டுபோக ஆரம்பித்துவிட்டார்கள்.

லேத்காரர் தமக்குத்தாமே முணுமுணுத்தார். என்ன இரும்போ, சவ்வு மாதிரி ஒட்டுகிறது, வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கிவிட்டு ஊசியை அடைத்துக்கொண்டுவிட்டது, பீரங்கிக்கு இப்படியா இரும்பு போடுவார்கள் என்று.

பெரியவளின் தலை திரும்பியது. தராசு முள் திரும்புகிற மாதிரி, சட்டென்று, நடுங்கி, நின்றது.

"அதைக் கொஞ்சம் குடுங்கண்ணே."

ஊசியின் சுருளில் சாம்பல் நிறத்தில் மினுமினுவென்று ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் அழுத்தினாள். நகம் பதிந்தது. தம்பியின் சட்டைப் பையிலிருந்து ஆயுள் காப்பீட்டு விளம்பரத் தாள் ஒன்றை உருவி, அதன் பின்பக்கம் தேய்த்தாள். பென்சில் கோடு மாதிரி ஒரு கோடு விழுந்தது.

ஈயம்.

வாழ்நாள் முழுக்க அவள் விரலில் ஒட்டிய உலோகம் அது. எடைக்கல் தேய்ந்து எடை குறைந்தால், அடியில் ஒரு குழி போட்டு, சரியான எடை வருகிற வரைக்கும் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி, ஆறுவதற்குள் மேலே முத்திரையை அடிப்பார்கள். அப்பா அவளுக்கு முதன்முதலில் கற்றுக்கொடுத்த வேலை.

அவள் எழுந்த வேகத்தில் ஒரு போலீஸ்காரர் விசிலை எடுத்துவிட்டார். அவள் நிபுணரிடம் போனாள். குண்டின் அடியில், துளையின் ஓரத்தில், மிச்சம் இருந்தால் பாருங்கள், ஒரு பிறை மாதிரி வளைந்த கோடும் அதற்குள் ஒரு புள்ளியும் இருக்கும் என்றாள். அது எங்கள் கடை முத்திரை. குண்டுக்குள் இருந்ததை எடுத்துவிட்டு அப்பா ஈயம் ஊற்றியிருக்கிறார்.

"காலி பண்ணினவர் எதுக்கு மறுபடி அதே எடைக்கு நிரப்பணும்?" நிபுணர் கேட்டார். நியாயமான கேள்வி. எந்த ஊர் நிபுணரும் கேட்கக்கூடிய கேள்வி.

"அதுமேல பதினொண்ணு புள்ளி மூணுன்னு எழுதியிருக்கு மேடம். உள்ள இருந்ததை எடுத்தா ஒன்பதுதான் இருக்கும். ஒரு பொருள்மேல பொய் எடை எழுதியிருந்தா எங்கப்பாவுக்கு ராத்திரி தூக்கம் வராது."

நிபுணர் அவளையே பார்த்தார். பிறகு மணல் மூட்டைகளை நிறுத்தச் சொல்லிவிட்டு, தலைக்கவசத்தை மாட்டி, கையில் ஒரு சின்னப் பெட்டிக் கருவியோடு உள்ளே போனார்.

அவர் உள்ளே இருந்தது இருபது நிமிஷம் என்று போலீஸ் குறிப்பு சொல்லும். அந்த இருபது நிமிஷத்தில் தம்பிக்குக் காதோரம் இருந்த நாலு கறுப்பு முடியும் நரைத்தது. லேத்காரர் பத்து விரல் நகத்தையும் கடித்து முடித்துவிட்டு யாரிடம் கடன் வாங்கலாம் என்று பார்த்தார். பெரியவள் மூச்சை உள்ளே இழுத்தது நினைவிருக்கிறது; விட்டது நினைவில்லை.

நிபுணர் வெளியே வந்தார். கவசத் தலையை ஆட்டினார். மேலும் கீழுமாக.

பிறை இருக்கிறது என்றார். புள்ளியும் பாதி இருக்கிறது. கருவியில் பார்த்ததில் அடியில் ஈயம், அதற்கு மேல் நுனிவரை வெறும் காலிதான். இதைத் தாராளமாகப் பேருந்தில் கொண்டுபோகலாம் என்றார்.

லேத்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தம்பி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சிரிப்பா அழுகையா என்று தீர்மானிக்க முடியாத ஒரு சத்தம் போட்டான். பெரியவளுக்கு நெஞ்சுக்குள் முள் பூஜ்யத்தில் வந்து நின்றது. அப்பாவும் பொய் சொல்லவில்லை. தராசும் பொய் சொல்லவில்லை.

ஆனால் நிபுணர் சிரிக்கவில்லை.

"உங்க கடை முத்திரைன்னா, கடை வெச்சதுக்கு அப்புறம்தானே அடிச்சிருப்பார்? அப்ப இது வீட்டுக்கு வந்தப்ப நிறைஞ்சுதான் இருந்திருக்கு. உள்ள இருந்த ரெண்டு கிலோ சரக்கு எங்கம்மா போச்சு?"

அதைத் தெரிந்தவர் இன்னும் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். பெரியவள் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று, கடைக்குத் தொலைபேசி போட்டாள். நடந்ததைச் சுருக்கமாக, பயமுறுத்தாத வார்த்தையாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். மறுமுனையில் அம்மா துளிக்கூடப் பதறவில்லை.

"இதுக்கா டாக்ஸி பிடிச்சு ஓடினே? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அம்மா சொன்னதைக் கேட்கக் கேட்கப் பெரியவள் பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

போர் நின்ற அன்று அப்பா அந்தக் குண்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாராம். கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. போதும், நிறுத்துங்கள் என்று உத்தரவு வந்துவிட்டது. இது போயிருந்தால் எதிர்ப்பக்கத்தில் யாரோ இருந்திருக்க மாட்டார்கள், போகாததால் யாரோ இருக்கிறார்கள் என்று அம்மாவிடம் மட்டும் ஒரு தடவை சொன்னாராம். அதனால் கீழே வைக்க மனசு வரவில்லை. வெடிக்கவைக்கிற மூக்கை மட்டும் கழற்றிவிட்டு, துணியில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

காலிக் கூடு என்றுதான் அம்மாவும் நினைத்திருந்தாள். நாலு வருஷம் கழித்து, தம்பி வயிற்றில் இருக்கும்போது, ஏதோ தோன்றி நேரே கேட்டாள். பொய் சொல்ல வராத மனுஷன், சொல்லிவிட்டார். அது இருக்கணும், இல்லாவிட்டால் நான் இருக்கணும் என்றாள் அம்மா. அடுத்த நாள் மதியம் பெரியவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அடித்திருகைத் திறந்தார். அம்மா நகரமாட்டேன் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சரக்கை இரண்டு பேருமாக எடுத்துக்கொண்டு போய் ஆற்றில் விட்டார்கள்.

"அந்த வாரம் நான் மீன் வாங்கல," என்றாள் அம்மா.

பெரியவளுக்குக் கண் நிறைந்தது. சிரிப்பும் வந்தது. சரிம்மா, தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன், இனிமேல் பயப்பட ஒன்றும் இல்லை என்றாள்.

மறுமுனையில் பித்தளைத் தட்டு ஒன்றை மேஜையில் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"பெரியவளே," என்றாள் அம்மா. குரல் மாறியிருந்தது. "நீ ஒண்ணைப் பத்தித்தானே கேட்டே?"

"எதும்மா ஒண்ணு?"

"உங்கப்பா கொண்டு வந்தது ரெண்டு."

தெருவில் மின்சாரம் திரும்பி வந்தது. எங்கோ ஒரு மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. பெரியவள் கைபேசியைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள், அந்தச் சொல் வெளியே சிந்திவிடும் என்பதுபோல.

"அவர் பக்கத்துல ஒருத்தன் நின்னானாம், அவன் கையிலயும் ஒண்ணு. பத்திரமா வெச்சிரு, ஊருக்கு வந்து வாங்கிக்கறேன்னு உங்கப்பாகிட்ட குடுத்துட்டுப் போனான். இன்னிவரைக்கும் வரல."

"அதையும் திறந்து எடுத்துட்டார்ல?"

"அது அவருது இல்லையே. அடுத்தவன் பொருளைத் திறப்பாரா உங்கப்பா?"

எங்கே இருக்கிறது என்று பெரியவள் கேட்டாள்.

"அதெல்லாம் போன்ல சொல்ற விஷயமா? வா, காட்டறேன். வர்றப்ப கதவை மட்டும் மெதுவா திற."

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் மீதிச் சவரத்துக்காக வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார். தம்பி லேத்காரரின் தோளில் கை போட்டு, விட்ட இடத்திலிருந்து இரண்டாவது மலையை ஏறத் தொடங்கியிருந்தான். நிபுணர் வண்டியின் பின்படியில் உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துவிட்டு, கவச உடையின் கழுத்துப் பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அம்மா என்ன சொன்னார்கள் என்று தலையை உயர்த்திக் கேட்டார்.

ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாம். இந்த ஒரு நாளைக்கு இது போதும் என்று வீட்டுக்குப் போய்விடலாம். அம்மா கடையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள்.

"மேடம்," என்றாள் பெரியவள். "அதைக் கழட்டாதீங்க."